பத்துக் குதிரைக்கு முன் இருபது கிலோ

தொலைதூர மோட்டார் சைக்கிள்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களுக்கு,

ஓசூர், ஒரகடம், சாக்கன் என்று பல ஊர்களில் உட்கார்ந்து, தொலைதூரப் பயணத்துக்கான வண்டிகளை வரைந்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி எங்கள் கைக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள். கூட்டங்களில் உங்கள் எதிரே அமர்ந்து "அடுத்த மாடலில் என்ன புதுசு?" என்று கேட்கும் விற்பனைப் பிரிவினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

டூரிங் வண்டி இன்னும் லேசாக வேண்டுமா, இன்னும் பவர் வேண்டுமா என்ற பேச்சு ரைடர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். சொல்வது எளிது. விலைக்கு ஒரு எல்லை இருக்கும்போது எதை விட்டு எதைப் பிடிப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அந்த முடிவுக்கு என் பங்காக ஒன்றைச் சொல்ல வந்தேன். பத்துக் குதிரைத்திறனைக் கூட்டுவதா, இருபது கிலோவைக் கழற்றுவதா என்ற கேள்வி வந்தால், தயவுசெய்து கிலோவைக் கழற்றுங்கள். நம் சாலைகளில் ஊர் சுற்றுகிற வண்டிக்கு 40 குதிரைத்திறன் போதும். அதைத் தொட்ட பிறகு மேலே சேரும் ஒவ்வொரு குதிரைக்கும் பயன் குறைந்துகொண்டே போகிறது. எடை அப்படியில்லை. எந்த இடத்திலிருந்து குறைத்தாலும், எவ்வளவு குறைத்தாலும், அன்றைக்கே எங்கள் கைக்கும் காலுக்கும் தெரிகிறது.

உங்களால் ஆகாததைக் கேட்கவில்லை. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 சிசி எஞ்சினில் சுமார் 24 குதிரைத்திறன் தந்தது. பிஎஸ்6 மாசு விதிக்கேற்ற வடிவத்தில் அதன் கெர்ப் வெயிட், அதாவது ஓடத் தயாரான நிலையில் எடை, 199 கிலோ. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 ரேடியேட்டரையும் கூலன்ட்டையும் புதிதாகச் சுமந்துகொண்டும் 196 கிலோவில் நின்றது. திறன் 40 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திறன் கூடியிருக்கிறது, எடையில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. அதைச் செய்து காட்டியவர்களுக்கு மனமாரப் பாராட்டு. 2025இல் டிவிஎஸ் கொண்டுவந்த அபாச்சி ஆர்டிஎக்ஸ் 300, 299 சிசியிலிருந்து 36 பிஎஸ் எடுத்து 180 கிலோவில் நிற்கிறது. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோதான். திறன் குறைவு என்று தெரிந்தே அதை லடாக் வரை ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் எடையைத்தான் சொல்வார்கள்.

எடை குறையும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. 1980இல் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது அது 50 குதிரைத்திறன், பெட்ரோல் நிரப்பி 186 கிலோ. இன்றைய அட்வெஞ்சர் டூரிங் வண்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. பிறகு தலைமுறைக்குத் தலைமுறை திறனும் ஏறியது, கிலோவும் ஏறியது. ஆர் 1250 ஜிஎஸ் வரும்போது 249 கிலோ. அதே நிறுவனம் 2023இல் ஆர் 1300 ஜிஎஸ்ஸில் கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் தள்ளி, பிரேமைப் புதிதாக வரைந்து, 237 கிலோவுக்கு இறக்கியது. திறன் 136இலிருந்து 145க்கு ஏறியது. இன்னும் பெரிய உதாரணம் ஹோண்டா கோல்ட் விங். ஆறு சிலிண்டர், சோபா போன்ற இருக்கை, தனி ரிவர்ஸ் வசதி என்று அமெரிக்க நெடுஞ்சாலைக்கென்றே வளர்ந்த வண்டி அது. அதையே 2018இல் 40 கிலோவுக்கு மேல் இளைக்க வைத்தார்கள். 400 கிலோவைத் தாண்டிய வண்டியிலிருந்து 40 கிலோ போகுமென்றால், நம் 190 கிலோ வண்டியிலிருந்து 20 கிலோ போகாதா?

நம் ஊரில் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பஜாஜ் டாமினார் 400 அறிமுகமானபோது 182 கிலோ. எஞ்சின் 35 பிஎஸ்ஸிலிருந்து 40க்கு வந்தது. விண்ட்ஷீல்டு, கேரியர், கார்டு என்று டூரிங் சாமான்கள் கம்பெனியிலிருந்தே சேர்ந்தன. இன்று கெர்ப் வெயிட் 193 கிலோ. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான சேர்க்கைதான். சேர்ந்தது பதினொரு கிலோ.

எடை எங்கே வலிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் சோதனை ஓட்டப் பாதைகளில் அது தெரியாமல் போக வாய்ப்பிருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் எடையை யாரும் பெரிதாக உணர்வதில்லை. நாலாவது கியரில், 70 கிலோமீட்டர் வேகத்தில், 160 கிலோ வண்டிக்கும் 200 கிலோ வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எடை தெரிவது வண்டி நின்ற பிறகு. கோத்தகிரி பக்கம் மலைச்சரிவில் கட்டிய ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனம் நிறுத்தும் இடம் சுவரை நோக்கி இறங்குகிறது, தரையெல்லாம் ஜல்லி. இரவு மழையில் வந்தவர் முன்சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் விட்டு நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் பைகளைக் கட்டி முடித்ததும் வண்டியைப் பின்னோக்கி மேலே ஏற்ற வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் பைகளோடு 220 கிலோ உள்ள வண்டியைப் பின்னால் இழுக்க 22 கிலோ எடையைத் தூக்கும் விசை தேவை. அதையும் தொடர்ந்து கொடுக்க முடியாது. ஓரடி இழுக்க வேண்டும், முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்த வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடி. ஜல்லியில் ஷூ வழுக்கும்போது பிரேக்கிலிருந்து விரல் எடுக்கக் கூடாது. எடுத்தால் வண்டி சுவரில் போய் நிற்கும். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இருக்கையில் உட்கார்ந்து காலால் தள்ளலாம் என்றால் 825 மில்லிமீட்டர் உயர இருக்கையில் எனக்கு விரல் நுனிதான் தரையில் படுகிறது. இறங்கி நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால், எடை என் பக்கம் சாயும் வரை சரி, மறுபக்கம் சாய்ந்தால் நான் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

அந்தச் சாய்வுதான் விஷயமே. நின்றுகொண்டிருக்கும் வண்டி எவ்வளவு சாயும் வரை ஒருவரால் காலால் தாங்கிப் பிடிக்க முடியும் என்பதை வண்டியின் எடையும், அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. 17 லிட்டர் டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டுமே சுமார் பன்னிரண்டரை கிலோ. அது வண்டியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு பின்னால் டாப் பாக்ஸ். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், இடப்பக்க வளைவில் ஏறும்போது மேலிருந்து பஸ் இறங்குகிறது. நடு வளைவில் நிற்க வேண்டும். இடது காலை ஊன்றும் பக்கம் ரோடு உள்நோக்கிச் சரிந்திருக்கிறது; காலை நீட்டினால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. அரை நொடியில் வண்டி சாயத் தொடங்கும். 160 கிலோவைப் பிடித்துவிடலாம், 200 கிலோ பைகளோடு படுத்துவிடும். படுத்த வண்டியைத் தூக்கத் தெரியும்; ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டி, முதுகை இருக்கைக்குக் கொடுத்து, கையால் இழுக்காமல் காலால் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும். தெரிந்திருந்தாலும் வளைவின் நடுவில், பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, பைகளைக் கழற்றாமல் அதைச் செய்ய எத்தனை பேரால் முடியும்?

ஒரு பெண் எழுதுகிறாள் என்பதால் இது பெண்களுக்கான தனிக் குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பணி ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்கு நாள்கணக்கில் வண்டியெடுத்துப் போக நேரம் வாய்க்கிறது. கையில் பணம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, முழங்கால்தான் பழையபடி இல்லை. அவர்களில் நிறையப் பேர் டூரிங் வண்டியை விற்றுவிட்டுக் காருக்கு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டப் பயந்து யாரும் மாறவில்லை. நிறுத்தவும் திருப்பவும் பயந்து மாறினார்கள். குதிரைத்திறன் போதவில்லை என்று பயணத்தையே விட்டவரை நான் சந்தித்ததில்லை.

இனி திறன் பக்கம். அதற்கு இருக்கும் நியாயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டூரிங் வண்டியை நிலையாக ஓட்டச் சக்கரத்துக்குத் தேவைப்படுவது சுமார் 12 முதல் 15 குதிரைத்திறன். பைகளும் பின்னால் ஆளும் இருந்தால் மேல் எல்லை, தனியாகப் போனால் கீழ் எல்லை. அதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் கூடும்போது காற்றுக்கான திறன் மும்மடியில் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 100இலிருந்து 140க்குப் போனால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட 2.7 மடங்கு. ஆக, பெரிய திறன் வேண்டும் என்கிறவர் உண்மையில் கேட்பது 120க்கு மேலான வேகத்தை. அந்த வேகத்தில் போக நமக்குச் சாலை எங்கே? பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. மும்பை–புனே விரைவுச்சாலையிலும் இல்லை. எங்களுக்கு மிஞ்சியவை மாடும் டிராக்டரும் எதிர்த்திசையில் வரும் ஆட்டோவும் குறுக்கிடும் தேசிய நெடுஞ்சாலைகள், அவற்றிலிருந்து பிரியும் இருவழிப் பாதைகள், மலைப்பாதைகள். அவற்றில் 140இல் போகிறவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை.

ஆனால் இருவழிப் பாதையில் லாரியை முந்தும்போது திறன் உயிர் காக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60இல் போகும் லாரியின் பின்னால் காத்திருந்து, 90க்கு ஏறி முந்துகிறோம். வண்டி, இரண்டு பேர், பைகள் எல்லாம் சேர்ந்து 350 கிலோ. காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் போக 10 குதிரைத்திறன் மிச்சமிருந்தால் அந்த வேகத்தை எட்ட 8 விநாடி ஆகும். அதற்குள் எதிர்ப்பாதையில் 170 மீட்டர் போயிருப்போம். 20 குதிரைத்திறன் மிச்சமிருந்தால் நாலு விநாடி, 85 மீட்டர். இதே இடத்தில் வண்டியின் எடையை மட்டும் 40 கிலோ குறைத்தால் மிச்சமாவது ஒரு விநாடிக்கும் குறைவு. முந்துவதில் எடையைவிடத் திறனுக்கே பலன் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 24 குதிரைத்திறன் போதாது என்று பழைய ஹிமாலயன் ஓட்டியவர்கள் சொன்னது அந்த மூன்றாம் நாலாம் விநாடியில் அனுபவித்த பயத்தால்தான்.

உயரமும் திறனைக் கேட்கிறது. கிழக்கு லடாக்கின் உம்லிங் லா 19,024 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பெட்ரோல் அளவை பியூயல் இன்ஜெக்‌ஷன் திருத்திக்கொள்ளும். இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. சென்னையில் 40 குதிரையாக இருந்தது அங்கே 20ஐ ஒட்டி வந்துவிடும். 24 ஆக இருந்தது 12 ஆகும். பின்னால் ஆள் இருந்தால் முதல் கியரில் திணறும், கிளட்ச் கருகும் வாசனை வரும்.

இந்த இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் 40 என்கிறேன். சமவெளியில் இருவரோடு முந்தும்போது 20 குதிரை மிச்சம் தரும். மேலே பாதியானாலும் ஏற்றிவிடும். அதற்கு மேல் 60, 70 என்று போவது இன்னொரு பயன்பாட்டுக்கு, இன்னொரு சாலைக்கு. அப்படிப்பட்ட வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் மக்களில் பெரும்பாலோரின் டூரிங் வண்டியாக இருக்க வேண்டாம் என்கிறேன்.

திறன் தனியாக வருவதில்லை என்பதையும் யோசியுங்கள். எஞ்சின் திறனைக் கூட்டினால் வெப்பம் கூடும், ரேடியேட்டர் பெரிதாகும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தடிமனாகும், கிளட்ச் பெரிதாகும். வேகம் கூடுவதால் பிரேக் டிஸ்க் பெரிதாக வேண்டும், டயர் அகலமாக வேண்டும், பிரேம் விறைப்பாக வேண்டும். பெட்ரோல் அதிகம் குடிப்பதால் டேங்க் பெரிதாகும். இத்தனையும் சேர்ந்த எடையைச் சமாளிக்க மறுபடியும் திறன் வேண்டும். எடையைக் குறைத்தால் இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடுகிறது. லேசான வண்டிக்குச் சின்ன பிரேக் போதும், மைலேஜ் ஏறும், 17 லிட்டருக்குப் பதில் 14 லிட்டரே அதே தூரம் கொண்டுபோகும். உச்சியில் இருந்த இரண்டு கிலோவுக்கு மேல் அதனாலேயே போய்விடும். டக்கார் ராலியில் 2011 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு 450 சிசி வரம்பு இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் ஜெயித்தவை ஆயிரம் சிசியை நெருங்கிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகள். சின்ன எஞ்சினுக்கு மாறியதால் பாலைவனத்தைக் கடப்பது நின்றுபோகவில்லை.

40 குதிரை எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதும் எனக்கு முக்கியம். கையேட்டில் 8,000, 9,000 ஆர்பிஎம்மில் உச்சத் திறன் என்று போடுகிறீர்கள். பைகளோடும் ஆளோடும் மலையேறுகிறவர் அங்கே போவதே இல்லை. வால்பாறைச் சாலையின் கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில், 2,500இலிருந்து 4,000க்குள் வண்டி முனகாமல் இழுக்க வேண்டும். பழைய ஹிமாலயனின் 32 நியூட்டன் மீட்டர் டார்க் 4,500 ஆர்பிஎம்முக்குள் கிடைத்தது. திறன் குறைவென்றாலும் அதன் கீழ்க்கியர் இழுவையை இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. புதிய எஞ்சின்கள் வேகமானவை, ஆனால் வளைவுக்கு வளைவு கியர் மாற்றச் சொல்கின்றன. உச்சத்தில் இரண்டு குதிரை குறைந்தாலும் பரவாயில்லை, கீழே இழுவையைக் கொடுங்கள்.

லேசான வண்டிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் இரண்டுக்கு நான் மதிப்பு கொடுக்கிறேன். முதலாவது காற்று. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டுக் காற்று வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு நகர்த்திவிடும். கனமான வண்டி அங்கே நிதானமாக நிற்கிறது என்பது உண்மை. ஆனால் அதே அளவுக்கு வண்டியின் பக்கவாட்டுப் பரப்பும், விண்ட்ஷீல்டு உயரமும், ஹேண்டில் கோணமும், சக்கரங்களுக்கு இடையிலான நீளமும் வேலை செய்கின்றன. இருபுறமும் பெரிய சதுர அலுமினியப் பெட்டிகளை மாட்டிய 220 கிலோ வண்டி, ஒடுங்கிய துணிப்பைகள் கட்டிய 170 கிலோ வண்டியைவிட மோசமாக ஆடுவதை அந்தச் சாலையில் பார்க்கலாம். வருடத்தில் சில வாரம், சில கிலோமீட்டருக்காக மற்ற நாளெல்லாம் இருபது கிலோவைச் சுமக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் இரும்பு: எடைக்காக அதை விட்டால் வழியில் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது என்பார்கள். இதில் நான் உங்கள் பக்கம். ஒரு பயணத்தில் என்னோடு வந்த வண்டியின் கேரியர் கம்பி, பைகளின் பாரத்தில் மவுண்ட்டுக்குப் பக்கத்திலேயே விட்டுப்போனது. வழியில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் ஒரு வெல்டிங் பட்டறை. அந்த அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொன்னார், எஞ்சினின் ஈசிஎம் கணினி போய்விடும் என்று. டேங்க் மேல் ஈரச் சாக்கைப் போட்டார். உடைந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உள்ளே ஒரு சின்னக் கம்பித் துண்டைச் செருகி, பற்றவைத்து, தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விட்டார். வீடு வந்து சேரும் வரை அது தாங்கியது, இன்றும் தாங்குகிறது. அது அலுமினியமாக இருந்திருந்தால் அவரிடம் அதற்கான கருவி இல்லை. ஆகவே பிரேமையும் பின்பக்கச் சப்ஃபிரேமையும் இரும்பிலேயே வையுங்கள். அங்கே எடை இருக்கட்டும்.

குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. சைலன்சரைத் தனியாகக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு கனம் எதற்கென்று புரியவில்லை. ஸ்விங் ஆர்ம், சக்கரம், ஹப், ஃபுட்ரெஸ்ட் தாங்கிகள், பேட்டரி, எதையும் தாங்காமல் அழகுக்கு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடிகள். லெட் ஆசிட் பேட்டரிக்குப் பதில் லித்தியம் வைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் போகும். விலை கூடும், அதைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. கிராஷ் கார்டை நீங்களே பிரேமோடு சேர்த்து யோசித்து லேசாகச் செய்துவிட்டால், நாங்கள் கடையில் போய்த் தடித்த இரும்புக் குழாயை வாங்கி மாட்ட மாட்டோம். டியூப்லெஸ் ஸ்போக் வீல் எல்லா மாடலிலும் வந்துவிட்டால் பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றும் வேலை பெரும்பாலும் போய்விடும். திரியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பலாம். அப்போது மெயின் ஸ்டாண்டைக் கட்டாயமாக்காமல், வேண்டுகிறவர் மாட்டிக்கொள்ளும்படி விடலாம். இப்படி ஒன்றோடொன்று சேர்த்து யோசித்தால்தான் எடை இறங்கும். ஒரு பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் 200 கிராம் தேடினால் செலவுதான் ஏறும்.

வரியும் உங்களை எடைக் குறைப்பின் பக்கம் தள்ளுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 400, 450 சிசி வண்டி வாங்க நினைத்தவர்களுக்கு இது பெரிய அடி. ஆனால் 299 சிசியில் 36 பிஎஸ் எடுக்க முடிகிறது என்றால், 350க்குள் 40ஐத் தொடுவது கைக்கெட்டும் தூரம்தான். சிசியை ஏற்றித் திறனைக் கூட்டும் வழி விலையால் அடைபட்டிருக்கிறது. திறந்திருக்கும் வழி எடையைக் குறைப்பது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்குப் புதிய எஞ்சினோ புதிய உலோகமோ வேண்டாம். விளம்பரக் கையேட்டில் எடையை நேர்மையாகப் போடுங்கள். ஒருவர் 90 சதவீதம் பெட்ரோலோடு போடுகிறார், இன்னொருவர் பெட்ரோல் இல்லாமல் போடுகிறார், இன்னொருவர் டிரை வெயிட் என்கிறார். வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. முழு டேங்க், கிராஷ் கார்டு, பானியர் மாட்டும் தாங்கி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள். முன்சக்கரத்தில் எவ்வளவு, பின்சக்கரத்தில் எவ்வளவு என்றும் எழுதினால் இன்னும் நல்லது. குதிரைத்திறனைத் தசமப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை போடுகிறவர்களுக்கு இது சிரமமில்லை.

350 சிசிக்குள், 40 குதிரைத்திறன், முழு டேங்க்கோடு 170 கிலோ, 800 மில்லிமீட்டருக்கு மேல் போகாத இருக்கை, அதை உயர்த்திக்கொள்ளும் வசதி. இப்படி ஒரு வண்டியை நீங்கள் மேசையில் வரையத் தொடங்கினால், அதன் சோதனை ஓட்டத்துக்கு ஐந்தடி உயரக்காரர்களையும் அறுபது வயதைக் கடந்தவர்களையும் பின்னிருக்கையில் ஏறி இறங்கிப் பழகியவர்களையும் கூப்பிடுங்கள். பைகளை நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம். ஒரகடமோ ஓசூரோ, எங்கே என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு தொலைதூரப் பயணி